கடைவாய்ப்பல்லுக்கு ஒரு கோபுரம்

“கோபுரம் இடிஞ்சு விழுற சீட்டு வந்துச்சு. அவ்வளவுதான். என் வீட்டுக்காரி வீடு மாத்துற பேச்சையே விட்டுட்டா.”

புதன்கிழமை காலை. பஸ் நிறுத்தத்தில் எனக்கு முன்னால் நின்ற குடைக்காரர் பக்கத்து ஆளிடம் இப்படிச் சொன்னார். என்ன சீட்டு என்று அந்த ஆள் கேட்க, “டாரட். ஜோசியச் சீட்டு” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். நான் என் பஸ்ஸைக் கோட்டைவிட்டுவிட்டு அங்கேயே நின்றேன், வலது கன்னத்தில் கையை வைத்தபடி.

அந்தக் கன்னத்துக்குள்ளே ஒரு கடைவாய்ப்பல். மூன்று மாதமாக அதுதான் எனக்கு மேலதிகாரி. பல் டாக்டரிடம் மூன்று முறை நேரம் வாங்கி, மூன்று முறையும் தப்பித்திருந்தேன். முதல் முறை ஆபீசில் தணிக்கை. இரண்டாம் முறை மழை. மூன்றாம் முறை, மழை வரும் போலிருந்தது. நான்காவதாக என் மனைவியே நேரம் வாங்கிவிட்டாள். சனிக்கிழமை, காலை பதினொரு மணி. இன்னும் தள்ளினால் சீழ் தாடைக்கு இறங்கிவிடுமாம்.

எனக்கோ, பல் டாக்டரின் அந்த நாற்காலி தானாகச் சாயும் என்று நினைத்தாலே நின்ற இடத்தில் சாய்ந்துவிடுகிற அளவுக்குப் பயம்.

பயமாக இருக்கிறது என்று அவளிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். வீட்டில் நான் வாயைத் திறப்பதில்லை. திறந்தும் பயனில்லை. அவள் தெருமுனை அச்சகத்தில் வேலை பார்க்கிறாள். விசிட்டிங் கார்டும் அழைப்பிதழும் அடித்து, வெட்டி, கூர்மூலையை வளைவாக உருட்டித் தருகிற இடம். அச்சில் வந்ததைத்தான் நம்புவாள். நான் அச்சில் வந்தவன் இல்லை. சீட்டு அச்சில் வந்தது.

அன்றைக்கே ஒரு கட்டு வாங்கினேன். எழுபத்தெட்டுச் சீட்டு. கூடவே, புதிதாகக் கற்பவர்களுக்கு என்று ஒரு குட்டிப் புத்தகம்.

பாத்ரூமில் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து படித்தேன். முதல் சீட்டில் ஒருவன் குப்புறக் கிடந்தான். முதுகில் பத்து வாள். பத்தும் எனக்கு ஊசியாகத் தெரிந்தன. அடுத்ததில் ஒருவன் ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்கினான். முகத்தில் மட்டும் ஒரு சாந்தம், கல்யாணமானவன் போலிருக்கிறது. அதற்கடுத்தது குதிரை மேல் ஒரு எலும்புக்கூடு. ஆனாலும் அதற்கு எல்லாப் பல்லும் இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

“உள்ள என்னங்க பண்றீங்க, முக்கால் மணி நேரமா?”

“பல் தேய்க்கிறேன்.”

“அந்தப் பல்லையா? அவ்வளவு நேரம் தேய்ச்சா அதுவே விழுந்துடும். டாக்டருக்கு வேலை மிச்சம்.”

புத்தகத்தில் இரண்டு விதிகள் எனக்குப் பிடித்திருந்தன. புதியவர்கள் ஒரு கேள்விக்கு ஒரு சீட்டுதான் எடுக்க வேண்டும். எடுக்காத சீட்டைத் திருப்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் சீட்டு கோபித்துக்கொள்ளும்.

எனக்கு ஒரு சீட்டு போதும். இடி விழுந்து கோபுரம் உடைகிற சீட்டு. தபால் பிரிக்கும் பகுதியில் பதினேழு வருஷம் வேலை பார்த்த விரல் இது. எவ்வளவு கலைத்தாலும் மேல் சீட்டு மேலேயே இருக்கும். கோபுரத்தை மேலே வைத்து, சீட்டுக்கட்டை என் பழைய ஷூவுக்குள் ஒளித்தேன். வலது கால் ஷூ.

வியாழக்கிழமை சாயங்காலம் சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு வந்து மேஜை முன் உட்கார்ந்தேன்.

“இது என்னங்க?”

“டாரட். வருங்காலத்தைச் சொல்லும்.”

“இருக்கிற காலத்துல கரண்டி எந்த டப்பாவுல இருக்குன்னே உங்களுக்குத் தெரியாது.”

“விளையாடாதே. சனிக்கிழமை டாக்டர்கிட்ட போகலாமான்னு கேக்கப் போறேன். சீட்டு வேண்டாம்னு சொன்னா வேண்டாம்தான்.”

“போகச் சொன்னா?”

“போறேன்.”

“சரி, கேளுங்க.” மேஜையைத் துடைத்துக்கூடக் கொடுத்தாள். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கலைத்தேன். சீட்டு கொஞ்சம் தடிமனாகத் தெரிந்தது. பயத்தில் விரல் மரத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மேல் சீட்டைத் திருப்பினேன்.

கோபுரம் இல்லை. வெள்ளை அங்கி போட்ட ஒரு பெண். இரண்டு கையாலும் ஒரு சிங்கத்தின் வாயைப் பிடித்திருக்கிறாள். அவள் தலைக்கு மேல் எட்டாம் எண் ஒன்று படுத்துக் கிடக்கிறது.

“யாருங்க இவ? சிங்கத்துக்குப் பல் பாக்கிறாளா?”

“சரியா கலைக்கலை. இன்னொரு தடவை.”

உள்ளே செருகிக் கலைத்தேன். எடுத்தேன். அதே பெண். அதே சிங்கம். மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு நடுவிலிருந்து உருவினேன். கண்ணைத் திறந்தால், அவளேதான்.

புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன்.

“புத்தகத்துல என்ன போட்டிருக்கு?”

“வலிமை. அஞ்சாமல் செல்க.”

“அது அவளுக்கா, சிங்கத்துக்கா?”

நான் ஏமாற்றப் பார்த்தது சீட்டுக்குத் தெரிந்துவிட்டது. கோபித்துக்கொண்டுவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை பாத்ரூமில் ஒரு சீட்டு எடுத்தேன். சிங்கம். ஆபீசில் பார்சல் மூட்டைக்குப் பின்னால் நின்று எடுத்தேன். சிங்கம். என் கைதான் ராசியில்லை என்று பக்கத்து இருக்கைக்காரரை எடுக்கச் சொன்னேன். எடுத்துப் பார்த்துவிட்டு, “நல்ல சீட்டுதானே சார்? ஏன் இப்படி வெளுத்துப் போறீங்க?” என்றார். மீதிச் சீட்டைத் திருப்பிப் பார்க்கக் கை போகவில்லை. இன்னும் கோபித்துக்கொண்டால்? சீட்டுக்கட்டை வீட்டில் தனியாக விடவும் பயம். சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். நெஞ்சுக்குப் பக்கத்தில் அது மூச்சு விடுவது போலிருந்தது.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கே சட்டை மாட்டி வாசலில் நின்றேன்.

“மழை வர்ற மாதிரி இருக்கே?” என்றாள் அவள், ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு. வெயில் கண்ணைக் குத்தியது.

“வரட்டும்,” என்றேன்.

டாக்டர் வீட்டு முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு மீன் தொட்டி. மூடிய கதவுக்குப் பின்னால் ஏதோ ஒரு மெஷின் ஈயைப் போல ரீங்கரித்தது. நின்றது. மறுபடி ரீங்கரித்தது. தொட்டியில் மீன்கள் மட்டும் தைரியமாக வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

“அடுத்தது நீங்கதான் சார்.” நர்ஸ் கதவைத் திறந்தாள்.

துள்ளி எழுந்தேன். சட்டைப் பையிலிருந்த கட்டு தரையெல்லாம் சிதறியது. பாதிச் சீட்டு குப்புற, பாதிச் சீட்டு மல்லாக்க. மல்லாந்து கிடந்ததெல்லாம் அந்தச் சிங்கக்காரிதான். குப்புறக் கிடந்த ஒன்றைத் திருப்பினேன். அவள். இன்னொன்று. அவள். நாற்காலிக்கு அடியில், மீன் தொட்டிக்கு அடியில், நர்சின் செருப்புக்குப் பக்கத்தில், எங்கே பார்த்தாலும் சிங்கம்.

கூட வந்திருந்த என் மனைவி குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள்.

“அச்சகத்துல இதை அடிக்கிறது சீக்கிரம் முடிஞ்சுடுச்சுங்க. மூலை உருட்டத்தான் வியாழக்கிழமை மதியம் பூரா ஆச்சு. கடைசி ரெண்டு சிங்கம் வெளிறிப்போச்சு பாருங்க. மை தீந்துடுச்சு.”

“என் சீட்டு?”

“இடது ஷூவுல இருக்கு.”

“நான் வலதுலதானே வெச்சேன்?”

“அதான் இடதுல வெச்சேன்.”

“நான் வீட்டுக்குப் போறேன்.”

“போங்க.” அவள் நிமிரவில்லை. “மூணு மாசமா ஒரு பக்கமா மென்னுக்கிட்டு இருக்கீங்க. எதிர்ல உக்காந்து எனக்குத்தான் ஒரு வாய் இறங்கலை.”

நர்ஸ் கதவைப் பிடித்தபடியே நின்றாள். நான் வாசலைப் பார்த்தேன். பிறகு உள்ளே போனேன்.

நாற்காலி தானாகச் சாய்ந்தது. டாக்டரம்மா திரும்பினார். வெள்ளை அங்கி. தலைமுடி மேல் தூக்கிவிட்ட மூக்குக் கண்ணாடி, படுத்துக் கிடக்கும் எட்டைப் போல. இரண்டு கையாலும் என் தாடையைப் பிடித்தார்.

“எங்கே, வாயைத் திறங்க.”

அறை வாசலில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள், கையில் சீட்டுக்கட்டுடன்.

நான் வாயைத் திறந்தேன்.