அந்தச் சுவரை அடைத்தது நான்தான்

பூஜை போடாமல் ஒரு மெஷினை ஓட்டத் தொடங்கும் தைரியம் தமிழ்நாட்டில் யாருக்கும் கிடையாது. எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் புது ஸ்கூட்டர் தெருமுனை தாண்டாது; குங்குமம் வைக்காத கிரைண்டர் மாவரைக்காது. கடவுள் இல்லை என்று நிரூபிக்கும் புத்தகங்களை அலமாரி நிறைய அடுக்கி வைத்திருந்த நானே (பாதி இரவல்; திருப்பித் தரவில்லை) அன்று தேங்காயைக் கையில் எடுத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகவே நடந்ததற்கு நான் வருத்தம் தெரிவிப்பதாக இல்லை. என் மனைவி வீட்டார் இத்தனை வருடங்களாக அதை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். காத்திருக்கட்டும்.

தொண்ணூறுகளின் கடைசி. செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன். ஒரு விடுமுறை நாளில், சென்னையில் நடந்த கட்டுமானப் பொருள் கண்காட்சிக்குள் வெயிலுக்காக ஒதுங்கினேன். அங்கே ஒருவர் கண்ணாடித் தம்ளரில் தேன் நிறத்தில் எதையோ ஊற்றி, அதில் சில சொட்டுத் தண்ணீர் விட்டார். அது நுரைத்து, பெருகி, தம்ளரைத் தாண்டிக் காளான் மாதிரி எழுந்து அப்படியே கெட்டியாகிவிட்டது. பாலியூரித்தேன் என்றார். ஒழுகும் சுவரில் துளை போட்டு இதை உள்ளே செலுத்தினால், ஒழுகுகிற தண்ணீரையே குடித்துப் பெருகி விரிசலை அடைத்துவிடுமாம். எதிரியின் சாப்பாட்டைச் சாப்பிட்டே எதிரியை ஒழிக்கும் படை. பெண் பார்க்கப் போனபோதுகூட எனக்கு அப்படி நெஞ்சு படபடத்ததில்லை. (கலா இதைப் படிக்க மாட்டாள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.)

சம்பளமில்லாத விடுப்பில் போனேன். பயிற்சி எடுத்தேன். கையால் அடிக்கும் பம்பு ஒன்றும், அந்தத் திரவத்தில் இரண்டு டின்னும் வாங்கினேன். என் மாமனார் ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர். என்னைவிட என் உத்தியோகத்தைப் பார்த்துப் பெண் கொடுத்தவர்.

"கவர்மெண்ட் மாப்பிள்ளைன்னுதான் ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். ஓட்டை அடைக்கிறவருன்னு எப்படி மாத்திச் சொல்றது?" என்று கேட்டார்.

நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. முதல் வேலையை அவர் நேரில் வந்து பார்ப்பார். உருப்பட்டால் தொழில் என் இஷ்டம். சொதப்பினால் திங்கட்கிழமை அலுவலகத்தில் சேர்ந்துவிட வேண்டும். அதன் பிறகு நுரை என்ற சொல்லை வீட்டில் காபிக்குக்கூடப் பயன்படுத்தக் கூடாது.

முதல் வேலை மாமல்லபுரத்தில், கடலோர ஹோட்டல் ஒன்றில். நீச்சல் குளத்தை ஒட்டி நிலத்துக்கடியில் மோட்டார் அறை. அறையின் கான்கிரீட் சுவரில் விரிசல் விட்டு, குளம் கொஞ்சம் கொஞ்சமாக அறைக்குள் குடிவந்துகொண்டிருந்தது. கொத்தனார்கள் வந்து வந்து சிமென்ட் பூசிப் பார்த்துத் தோற்றிருந்தார்கள். சீசன் தொடங்குவதற்குள் அடைத்தாக வேண்டும் என்று மேனேஜர் அழாத குறை.

மூளையுள்ளவன் இந்த மாதிரி வேலைக்குத் தனியாகப் போவான். நான் கடைத் திறப்பு விழாவுக்குப் போவது போல குடும்பத்தையே அழைத்துப் போனேன். மாமனார் மயில்கண் வேட்டியில் வந்தார். மாமியார் தட்டில் பூ, பழம், கற்பூரம். கலா கையில் லட்டுப் பெட்டி. அவள் தம்பி தயாளன் என் தொழில் பங்காளி. அவனிடம் ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி இருந்தது, அதுவே தகுதி. மேனேஜரோடு சேர்ந்து அத்தனை பேரும் கணுக்கால் தண்ணீரில் வரிசையாக நின்றோம். மேலே குளத்தில் வெள்ளைக்காரர்கள் தொப்பென்று குதிப்பது கேட்டது.

முந்தின நாளே சுவரில் சாய்வாகத் துளைகள் போட்டு, ஒவ்வொன்றிலும் நிப்பிள் என்கிற குட்டிக் குழாய்முனை ஒன்றை முடுக்கி வைத்திருந்தோம். பம்பின் தலையில் வாய் திறந்த ஒரு கிண்ணம் உண்டு. அதில் திரவத்தை ஊற்றிக் கைப்பிடியை அடித்தால் குழாய் வழியே நிப்பிளுக்குள் போகும். ஒரு டின்னைக் கிண்ணத்தில் ஊற்றி, சீக்கிரம் இறுகுவதற்கான மருந்தையும் கலக்கிவிட்டு, கூடியிருந்தோருக்கு ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். சுவருக்குள் போகும்வரை இதன் ஒரே எதிரி தண்ணீர், ஒரு சொட்டு உள்ளே விழுந்தாலும் போச்சு, ஆகவே யாரும் கிட்ட வரக் கூடாது. யாரும் வரவில்லை. அதைப் பதிவு செய்கிறேன்.

மாமியார் பம்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டுத் தேங்காயை என்னிடம் நீட்டினார். எங்கே உடைப்பது? தரை தண்ணீருக்குள் இருந்தது. சுவரில் அடித்தால் விரிசல் பெரிதாகிவிடுமே என்று தொழில்நுட்ப ரீதியாக யோசித்தேன். (அன்று நான் செய்த ஒரே தொழில்நுட்ப யோசனை.)

"மெஷினுக்குத்தான பூஜ? மெஷின் மேலயே ஒட மச்சான்," என்றான் தயாளன்.

கிண்ணத்தின் இரும்பு விளிம்பு அதற்கென்றே செய்தது போல் இருந்தது. ஓங்கி ஒரே அடி. என் வாழ்நாளில் அத்தனை ஒழுங்காக நான் தேங்காய் உடைத்ததில்லை. சரிபாதி. தண்ணீர் ஒரு சொட்டுகூட வெளியே சிந்தவில்லை. மொத்தமும் கிண்ணத்துக்குள் போனது.

தேங்காய்த் தண்ணீர் தண்ணீரில் சேர்த்தியா என்று எனக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது. திரவத்துக்கு வரவில்லை. உஸ் என்றது. மஞ்சளாக மூச்சு வாங்கியது. பிறகு விளிம்பு வரை எழுந்து, வழிந்து, நான்கு பக்கமும் பொங்கியது.

மாமியார் கைகூப்பினார். "பாத்தீங்களா, பொங்குது. கிழக்குப் பக்கமா வழியுது. நல்ல சகுனம்." மாமனார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என்ன ஏதென்று புரியாமல் மேனேஜரும் போட்டுக்கொண்டார். அந்தப் பாதாள அறையில் கலா ஒருத்திக்குத்தான் நிதானம் இருந்தது.

"ஏங்க, இது பொங்கக் கூடாதுல்ல?"

கூடாதுதான். என் வலது கையில் தேங்காய் மூடி இருந்தது. அதைக் கவிழ்த்து நுரையை உள்ளே அமுக்கினேன். நுரை அமுங்கவில்லை. மூடியைச் சுற்றி வந்து, விரல்களுக்கிடையே புகுந்து, மணிக்கட்டு வரை ஏறி, சூடாகி, இறுகியது. இழுத்துப் பார்த்தேன். கை வந்தது, கூடவே தேங்காயும் வந்தது.

"இன்னா மச்சான், இன்னும் வந்துகினே கீது," என்றான் தயாளன், பம்பைப் பார்த்து. பம்பு அதற்குள் பெரிய காலிஃப்ளவர் ஆகியிருந்தது. சுவரும் சளைக்காமல் ஒழுகிக்கொண்டிருந்தது.

மாமனார் கத்துகிறவர் அல்ல. வேட்டி நுனியை நீரிலிருந்து தூக்கிப் பிழிந்தபடி சொன்னார்: "திங்கக்கெழம டூட்டியில சேந்துடுங்க மாப்ள. ரிஜிஸ்டர்ல எடது கையால கையெழுத்துப் போட்டா ஒத்துக்குவாங்களான்னு நான் விசாரிக்கறேன்."

கையில் தேங்காய் ஒட்டிக்கொண்ட மனிதனுக்கு அதற்குமேல் போக மானம் இல்லை. இது எத்தனை பெரிய விடுதலை என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். "இன்னொரு டின் இருக்கு மாமா," என்றேன். "அது தீர்ற வரைக்கும் நான் வரமாட்டேன்."

அந்த நிப்பிள்கள் லாரியில் கிரீஸ் அடிக்கிற நிப்பிள்களைப் போலவே இருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. கிரீஸ் துப்பாக்கி இருந்தால் பம்பே வேண்டாம். இந்த யோசனை என்னுடையது. இந்தக் கதை சொல்லப்படும் எந்த இடத்திலும் இந்த விவரம் வராது என்பதால் இங்கே அழுத்திச் சொல்கிறேன். தயாளன் பறந்துபோய் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஒன்றை இரவல் வாங்கி வந்தான். கலா லட்டுப் பெட்டி வந்த பிளாஸ்டிக் பைகளைக் கைகளில் மாட்டிக்கொண்டு துப்பாக்கியில் திரவத்தை நிரப்பினாள். தயாளன் முனையை நிப்பிளில் பிடித்தான். கைப்பிடி அடிக்க ஆள் வேண்டும். என்னிடம் தேங்காய். மேனேஜரை வெள்ளைக்காரர்கள் கூப்பிட்டுவிட்டார்கள்.

எல்லோரும் மாமனாரைப் பார்த்தோம்.

அவர் யாரையும் பார்க்காமல் வேட்டியை மடித்துக் கட்டினார். முதலில் ஃபைலில் முத்திரை குத்துகிறவர் போலத்தான் அடித்தார். சற்று நேரத்தில் விரிசலின் ஓரிடத்தில் மஞ்சள் நுரை எட்டிப் பார்த்தது; அந்த இடத்தில் தண்ணீர் நின்றது. மாமனார் முகம் மாறியது. அடுத்த நிப்பிள், அதற்கடுத்த நிப்பிள் என்று சுவர் நெடுக நடந்தார். போதும் மாமா என்றேன். "சும்மா இருங்க மாப்ள, மேல ஒரு எடத்துல கசியுது," என்று என்னைத் தோளால் தள்ளிவிட்டுப் போனார். மயில்கண் வேட்டியில் மயில் முழுதும் நுரை. டின் காலியானபோது அறையில் சொட்டும் சத்தம் இல்லை. மேனேஜர் வந்து சுவரைத் தடவி, கையைப் பார்த்து, மறுபடி தடவினார்.

"அடைச்சிட்டோம்," என்றார் மாமனார். 'டோம்' என்று முடிந்ததை நான் கவனித்தேன்.

திரும்பும் வழியில் ஒரு சிற்பக் கூடத்தில் நுழைந்து, தேங்காயை உளியால் எடுத்துவிட முடியுமா என்று கேட்டோம். "கல்லுன்னா கைய வைப்பேன் சார்," என்று சிற்பி கழன்றுகொண்டார். பஸ்ஸில் வேண்டுதல் என்று நினைத்து ஓர் அம்மாள் எழுந்து இடம் கொடுத்து, மூடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். செங்கல்பட்டு வரும்வரை மாமனார் வேட்டியில் ஒட்டிய நுரையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். இறங்கும்போது கேட்டார்: "திங்கக்கெழம வேற எங்கயாவது ஒழுகுதா மாப்ள?"

மூடியை ரம்பத்தால் அறுத்து எடுத்தோம்; மிச்ச நுரை தோலோடு உரிந்தது. அலுவலகத்துக்கு நான் திரும்பவேயில்லை. கடலோரத்தில் எத்தனையோ சுவர்களை அடைத்துவிட்டேன். இருந்தாலும் குடும்பத்தில் எந்த விசேஷத்தில் யார் தேங்காய் உடைத்தாலும், "பக்கத்துல டின் ஏதாச்சும் தெறந்திருக்கா பாரு" என்று ஒரு குரல் வரும், கூட்டம் சிரிக்கும். சின்ன வாண்டுகள்கூட அர்த்தம் தெரியாமல் சிரிக்கின்றன.

நான் விடுவதில்லை. அந்தச் சுவர் இன்றைக்கு ஒழுகுகிறதா, அதைச் சொல்லுங்கள் என்று கேட்பேன். யாராவது வாய் திறப்பதற்குள், இப்போது காது சரியாகக் கேட்காத என் மாமனார் மூலை நாற்காலியிலிருந்து, இந்த ஒரு கேள்வி மட்டும் தெளிவாகக் கேட்டு, பதில் சொல்லிவிடுவார்:

"எப்படி ஒழுகும்? நான்ல அடைச்சேன்."