இரண்டு கப்பல் ஒப்பந்தம்

பள்ளிக்கூடத்தில் இரண்டே வகுப்பு படித்துவிட்டு, மலாயாவின் கிள்ளானில் சொந்தக் கிடங்கு கட்டியவன் நான். மலாய் எழுத்தைக்கூட வாத்தியார் இல்லாமல், மூட்டைகளின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்தே கற்றுக்கொண்டேன். (மூளை அப்படி.) அந்த மூளைதான் என்னைக் கவிழ்த்தது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கிள்ளானில் கொட்டைப்பாக்கு வாங்கிப் பினாங்குக்குக் கப்பலில் அனுப்பி வந்தேன். கப்பல் வந்ததும் துறைமுகத்துக்கு ஓடி, அன்றைய வாடகையைப் பேரம் பேசி இடம் பிடிப்பேன். கப்பல் காலியாக வந்தால் அடிமாட்டு விலை. கூட்டம் என்றால் என் பாக்கு கரையிலேயே காயும். மற்ற வியாபாரிகள் வருஷ ஒப்பந்தம் போட்டு, சரக்கு இல்லாத நாளிலும் வாடகை கட்டினார்கள். அவர்களை முட்டாள்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த முனியாண்டியின் மகள் ராசம்மாளைப் பெண் கேட்டுப் போனேன்.

"கப்பலுக்குக் கப்பல் எடம் தேடி ஓடுறீங்க தம்பி. எடம் கெடைக்கலேன்னா எம்பொண்ணு என்னத்தச் சாப்பிடும்? நிரந்தரமா ஒண்ணு காட்டுங்கலா, அப்புறம் பேசுவோம்" என்றார் முனியாண்டி.

மறுநாளே கப்பல் ஆபீசுக்குப் போனேன். கணக்கு எழுதும் கிராணி ஒரு மலாய்க்காரர். ஒப்பந்தத் தாளை நீட்டினார். நாற்பது மூட்டைக்கு இடம். 'தியாப்2 கப்பால்' என்று கையால் எழுதியிருந்தது. தியாப் என்றால் என்ன என்று தெரியவில்லை. (தெரியாத சொல்லைத் தாண்டிப் போவது என் வழக்கம்.) கப்பால் என்றால் கப்பல். ஆக, இரண்டே கப்பல்! தாளைக் காட்டிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, பழையபடி பேரத்துக்குப் போய்விடலாம். 'ஒரு வருஷம்' என்றும் இருந்தது. அந்த இரண்டையும் ஒரு வருஷத்துக்குள் அனுப்பினால் போதுமாக்கும் என்று நானே அர்த்தம் செய்துகொண்டேன்.

"பாஹாம் கா?" (புரிந்ததா?) என்றார் கிராணி.

"பாஹாம், பாஹாம்!" என்று கையெழுத்துப் போட்டேன்.

தாளிலிருந்த முத்திரையைப் பார்த்ததும் முனியாண்டி கல்யாணத்துக்கு நாள் குறித்தார். இரண்டு கப்பலில் என் பாக்கு போயிற்று. மூன்றாவது கப்பல் வந்த அன்று, மருமகனின் நிரந்தர இடத்தைப் பார்க்க ஆசைப்பட்டு அவரும் என்னோடு துறைமுகத்துக்கு வந்தார். கிராணி எதிரே வந்தார்.

"மானா பாராங்?" (சரக்கு எங்கே?)

"சுடா ஹாபிஸ்! ரெண்டு கப்பலும் முடிஞ்சிருச்சு" என்றேன்.

கிராணி தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மலாயில் ஒரு சொல்லை ஒட்டி 2 போட்டால் அந்தச் சொல்லையே இரண்டு தடவை படிக்க வேண்டுமாம். தியாப் தியாப் கப்பால். ஒவ்வொரு கப்பலும். ஒரு வருஷம் முழுக்க!

முனியாண்டிக்கு மலாய் நன்றாகத் தெரியும்.

"ஓஹோ, ரெண்டு கப்பலுக்குக் கையெழுத்துப் போட்டு எம்பொண்ணக் கட்டப் பாத்தீங்களா?"

"மாமா, அது வந்து..."

"ஏமாத்தணும்னு நெனச்சீங்க. அதையும் உருப்படியா செய்யத் தெரியல. இந்த லட்சணத்துல எம்பொண்ண எங்க ஏமாத்தப் போறீங்க?" அவர் கப்பலைப் பார்த்தார். "கப்பல் கெளம்புறதுக்குள்ள நாப்பது மூட்டையும் ஏறணும். ஏறினா கல்யாணம். இல்லேன்னா நான் செந்தூலுக்கு ரயில் ஏறிருவேன்."

கிள்ளான் பாசாரில் கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளினேன். தேங்காய், பூசணி, விளக்குமாறு. கடைசி மூட்டை மரத்தூள். (அது எதற்கு என்று பினாங்குக்காரன் கடிதம் போட்டுக் கேட்டான்.) நாற்பதும் ஏறியது.

கல்யாணமும் நடந்தது. இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் எந்த மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தாலும், முன்வரிசையிலிருந்து ராசம்மாள் குரல் கொடுப்பாள்:

"தம்பி, எத்தன கப்பலுக்கு?"