தலைவியின் தீர்மான நோட்டு

பொய் சொல்லாதே என்று புத்தி சொல்கிறவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. நான் வாத்தியார், எனக்கு அதுதான் பிழைப்பே. ஆனால் அடுத்தவன் எழுதி வைத்த பொய்யைக் கையில் எடுத்துக்கொண்டு, அதை வரிக்கு வரி மெய்யாக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன் என்று நின்ற மனுஷியை எங்கள் மாவட்டத்திலேயே நான் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அந்தப் பொய்யை எழுதியவன் நான் என்பதால், இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதியும் உண்டு.

அவருக்குப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவியான மறுநாளிலிருந்து ஊரே அவரைத் தலைவி என்றுதான் கூப்பிட்டது. கட்டின புருஷனே "தலைவி, சோறு போடுதியா?" என்று கேட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன். பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறியில் வேலை. வருஷக்கணக்காகத் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. ரகசியம் என்று அவர் குனிந்து சொன்னால் பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் நடுநிலைப் பள்ளி. எட்டாம் வகுப்போடு சரி. பெற்றோர் பிரதிநிதிகளைக் கொண்ட குழு ஒன்று இருக்க வேண்டும், அங்கே படிக்கிற பிள்ளையின் தாய் அதற்குத் தலைவியாக இருக்க வேண்டும், மாதம் ஒரு கூட்டம் போட்டு, பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. எங்கள் வழக்கம் வேறு. வியாழக்கிழமையே நான் தீர்மானத்தை எழுதிவிடுவேன். வெள்ளிக்கிழமை நோட்டு மட்டும் வீடு வீடாகப் போய்க் கையெழுத்தோடு திரும்பி வரும். பழைய தலைவி மாவுக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, ஒரு எழுத்துகூடப் பார்க்காமல் போட்டுத் தருவார். புண்ணியவதி.

புதுத் தலைவியைத் தேர்ந்தெடுக்கிற அன்று ஒருத்தரும் முன்வரவில்லை. எல்லோரும் அவரவர் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தறியில் கரண்ட் இல்லாததால் வந்திருந்த இவர்தான், தலைவிக்கு என்ன வேலை என்று கேட்டார். பெரிசாக ஒன்றுமில்லை, மாசம் ஒரு கையெழுத்துதான் என்றேன்.

"ஒண்ணுமில்லாத வேலைக்கு எதுக்கு சார் ஒரு ஆளு?"

பெரிய டீச்சர், அதாவது எங்கள் தலைமையாசிரியை, இந்தமாதிரி நேரங்களில் கெட்டிக்காரர். கேள்வி கேட்டவரையே தலைவியாக்கிக் கைதட்டி முடித்துவிட்டார். ஆபத்தான ஆளை ஆபீசுக்குள்ளேயே வைத்துக்கொண்டால் நல்லது என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு எப்படித் தப்பிற்று என்பதுதான் இந்தக் கதை.

முதல் மாதமே நோட்டு கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது. பின்னாலேயே தலைவியும் வந்தார், நாலு உறுப்பினர்களைக் கையோடு இழுத்துக்கொண்டு. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். விரலை எழுத்துக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு சொல்லாக, தறித் தொண்டையில் வாசிக்க ஆரம்பித்தார். 'தலைவி அனைவரையும் வரவேற்றுப் பேசினார்.' நிறுத்தினார். நான் இன்னும் பேசவே இல்லையே என்றார். அது ஒரு வழக்கமான வாசகம்மா என்றேன். அவர் எழுந்து நின்று, எல்லாரும் வாங்க என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அடுத்த வரிக்கு விரல் போயிற்று.

அடுத்த வரி, 'தேநீர் வழங்கப்பட்டது.' தலைவி கையைக் கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தார். நாலு உறுப்பினர்களும் வாசலைப் பார்த்தார்கள். செத்த நேரம் பொறுத்துப் பெரிய டீச்சர் என்னைப் பார்த்தார். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நான் சைக்கிளில் கடைக்குப் போனேன்.

தேநீரோடு போயிருந்தால் பரவாயில்லை. 'கழிப்பறைகள் ஆய்வு செய்யப்பட்டுத் திருப்தி தெரிவிக்கப்பட்டது' என்று அழகான கையெழுத்தில் எழுதித் தொலைத்திருந்தேன். தலைவி போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஆய்வு முடிந்தது, திருப்தியைத்தான் காணவில்லை என்றார். பொம்பளைப் பிள்ளைகள் பக்கத்தில் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்கிறாள். எனக்கு அது தெரியாது என்று சொல்ல ஆசைதான், ஆனால் தெரியும். தலைவி போனைப் போட்டுத் தறி மெக்கானிக்கான தன் புருஷனை வரவழைத்தார். தாழ்ப்பாள் அடித்து, தானே உள்ளே போய்ப் பூட்டிப் பார்த்து, வெளியே வந்து திருப்தி தெரிவித்த பிறகுதான் கையெழுத்து விழுந்தது.

மறு மாதம் நான் புத்திசாலியானேன். 'பொதுவான விஷயங்கள் விவாதிக்கப்பட்டன' என்று ஒரே வரியில் முடித்தேன். தலைவி அதையும் வாசித்தார். சரி, விவாதிப்போம் என்றார். ஒரு மணி நேரம் விவாதித்தோம். நிற்காமல் போகிற பஸ், வெயிலில் காயும் சைக்கிள்கள், உறுப்பினர் ஒருவரின் மாமியார், எல்லாம் வந்தது. தெலுங்கு பேசுகிற ஒரு அம்மா கோபம் வந்ததும் தெலுங்கிலேயே விவாதித்தார். பெரிய டீச்சர் தலையைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் தயவுசெய்து குறிப்பாகவே எழுதுங்க சார் என்று என்னிடம் கெஞ்சினார்.

குறிப்பாக எழுதினேன். அதுதான் வம்பாய்ப் போயிற்று.

எட்டாம் வகுப்பில் பவித்ரா என்று ஒரு பிள்ளை. நான் கணக்கு வாத்தியார். போர்டில் நான் தப்பாகப் போட்டால் கை தூக்குகிற ஒரே பிள்ளை அவள்தான். மூன்று வாரமாக அவள் வரவில்லை. அப்பா அம்மா கான்சாபுரம் பக்கம் ஒரு தோப்புக்குக் காவலுக்குப் போய்விட்டார்கள், கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இவளையும் கூட்டிப்போய்விட்டார்கள். படிப்பு போதும் என்று முடிவாகிவிட்டதாகக் கேள்வி. முழுப் பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. அதற்குள் வராவிட்டால் அவ்வளவுதான், அந்தப் பிள்ளையின் பள்ளிக்கூடம் அந்தத் தோப்போடு முடிந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வகுப்பில் கை தூக்க ஆளில்லாதது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

வருஷாவருஷம் எழுதுகிற வரியை அந்த மாதமும் எழுதினேன். 'நெடுநாள் வராத மாணவி பவித்ராவின் வீட்டுக்குச் சென்று பெற்றோரிடம் பேசியதில், அவர்கள் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பச் சம்மதித்தனர்.'

தலைவி இரண்டு தடவை வாசித்தார். நோட்டை மூடி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டார். திங்கட்கிழமை காலையில் ஸ்கூட்டியோடு பள்ளிக்கூட வாசலில் நின்றார். தறிக்கு லீவு சொல்லியாயிற்று, பெரிய டீச்சரிடமும் பேசியாயிற்று, ஏறுங்க சார் என்றார். ஐம்பதை நெருங்குகிற வாத்தியார் நான், பின்சீட்டில் மஞ்சள் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக வத்திராயிருப்பு ரோட்டில் போனேன். வழியில் என் பழைய மாணவர்கள் நாலு பேராவது பார்த்துவிட்டார்கள்.

தோப்பில் பவித்ரா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் காவல் குடிசைக்குள் ஓடிவிட்டாள். அவள் அப்பா வந்தார். தலைவி வணக்கம் சொல்லிவிட்டு, நோட்டை விரித்து, மலையடிவாரம் முழுக்கக் கேட்கும்படி அந்த வரியை வாசித்தார்.

"நான் எப்பம்மா சம்மதிச்சேன்?" என்றார் அவர்.

"போன வெள்ளிக்கிழமை. இந்தா, சாரு கைப்பட எழுதியிருக்காரு."

அவர் என்னைப் பார்த்தார். "சார், நீங்க இங்க வரவே இல்லையே."

வரவில்லை என்றேன். அப்புறம் எப்படி எழுதினீர்கள் என்றார். பதில் தெரியாமல் நிற்கிற பையனின் கஷ்டம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தப்புதான், மன்னிச்சுக்கோங்க என்றேன். ஒரு வாத்தியார் தப்பு என்று சொல்லிக் கேட்டது அவருக்கு வாழ்க்கையில் முதல் தடவை போலிருக்கிறது. சிரித்துவிட்டார். கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

ஆனால் பேச்சில் மசியவில்லை. கைப்பிள்ளையை யார் பார்ப்பது, இங்கிருந்து பஸ் ஏது, பொம்பளைப் பிள்ளைக்கு எட்டாப்பு வரை வந்ததே பெரிசு என்றார். தலைவி இளநீரைக் கீழே வைத்தார். அவர் சத்தம் குறைத்துப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"எனக்கும் அஞ்சாப்பு போதும்னாக. இந்த ஒரு பக்கத்த வாசிக்க எனக்குக் கால்மணி நேரம் ஆவுது, அண்ணாச்சி. எல்லாரும் காத்துக்கிட்டு உக்காந்திருக்காக. உங்க மகளுக்கு அம்புட்டு நேரம் ஆவாது."

பவித்ராவின் அப்பா குனிந்து மண்ணைப் பார்த்தார். பரீட்சை முடிகிற வரைக்கும் பிள்ளை தன் வீட்டில் இருக்கட்டும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏற்றிவிடுகிறேன் என்றார் தலைவி. அப்போதும் அவர் மண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை வாசலில் வாய் திறக்காமல் நின்ற அவர் மனைவி உள்ளே போய், பவித்ராவின் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு வந்தார்.

"இவன நான் பால்வாடியில விட்டுக்கிடுதேன். அவ போகட்டும்."

அவ்வளவுதான். பவித்ராவின் அப்பா நோட்டில் கையெழுத்துப் போட்டார். தலைவி என் பக்கம் நோட்டைத் தள்ளி, பழைய தேதியை அடித்துவிட்டு இன்றைய தேதியைப் போடச் சொன்னார். போட்டேன். என் உத்தியோகத்தில் நான் எழுதிய முதல் உண்மையான தீர்மானம் அதுதான். ஸ்கூட்டியில் பவித்ராவுக்குத்தான் இடம் இருந்தது. என்னைக் கூமாப்பட்டி பஸ்ஸுக்கு நடக்கவிட்டு இரண்டு பேரும் போய்விட்டார்கள். அந்த வெயிலில் நடந்தபோது எனக்குக் கோபமே வரவில்லை, அதுதான் ஆச்சரியம்.

பவித்ரா பரீட்சை எழுதினாள். நடுவில் இரண்டு தடவை கை தூக்கி என் மானத்தையும் வாங்கினாள். தலைவியின் மகனும் அதே வகுப்புதான். இருவரும் எட்டு முடித்துப் போனதும், பள்ளியில் பிள்ளை இல்லாத தாய்க்குக் குழுவில் இடமில்லை என்பதால் தலைவி பதவியும் அன்றோடு முடிந்தது. அதைச் சொல்லப் போன பெரிய டீச்சர்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். தலைவி தறிக்குப் போய்விட்டார்.

ஜூன் மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கை. நானும் ஒரு வேலையாக அங்கே போயிருந்தேன். தலைவி இரண்டு விண்ணப்பங்களோடு வரிசையில் நின்றார். ஒன்று மகனுடையது. இன்னொன்றில் பவித்ராவின் அப்பா ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார், தோப்பை விட்டு வர முடியவில்லை. எழுத்தர் மகனுடையதை முடித்தார். இரண்டாவதில், கூட வந்தவர் உறவுமுறை என்ற இடத்தில் பேனா நின்றது. பிள்ளைக்கு நீங்க என்ன வேணும், அத்தைன்னு போட்டுக்கிடட்டுமா என்று கேட்டார்.

"இல்லாதத எழுதாதீங்க சார். பெற்றோர் பிரதிநிதின்னு போடுங்க."

"எந்தப் பள்ளிக்கூடத்துக்கும்மா?"

"பள்ளிக்கூடத்துக்கு இல்ல. இவளுக்கு."

எழுத்தர் என்னைப் பார்த்தார். எழுதுங்க சார் என்றேன். அவர் எழுதினார். தலைவி விரலை வைத்து அந்த இரண்டு சொற்களையும் வாசித்துச் சரிபார்த்தார். பவித்ரா பக்கத்தில் அவசரப்படாமல் காத்துக்கொண்டு நின்றாள்.

இப்போதும் ஷிப்ட் முடிந்து அந்த அம்மா ரோட்டில் வருவதைப் பார்த்தால், டீக்கடை பெஞ்சிலிருந்து நான் எழுந்து நின்றுவிடுகிறேன்.