மூணுவாரத்தாரும் லாமா ஜோடியும்

சிற்றாறு பாயும் எங்கள் சீமையில் மனிதரையும் மிருகத்தையும் சற்றும் வேறுபாடின்றிச் சந்தேகித்த பெருந்தகை, தென்காசி மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் 'மூணுவாரத்தார்' ஒருவரே. பெற்றோர் இட்ட பெயர் அவருடைய உத்தியோகக் காகிதங்களில் மட்டும் வழங்கிற்று. வெளியூரிலிருந்து வரும் கால்நடை எதுவாயினும் மூன்று வாரம் தனியே கட்டி வைத்துப் பார்த்த பின்பே ஊர் மந்தையில் சேர்க்கவேண்டும் என்பது அவருடைய கொள்கை.

"நோய் கதவத் தட்டிட்டு வராதுவே. நல்ல மாட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டுத்தான் வரும்" என்பார்.

அக்கொள்கை நாளடைவில் தொழுவத்தைத் தாண்டி வீட்டினுள்ளும் புகுந்தது. கொழும்பிலிருந்து வந்த மைத்துனரைப் புறக்கடை அறையில் இருத்தி, சன்னல் வழியே சோறு கொடுத்தார். மனைவியார் கொதித்தெழுந்தார்.

"எங்கண்ணன் என்ன மாடா, கன்னா?"

"மாடுன்னா கவலையே இல்ல. மாடு பொய் சொல்லாது. உங்கண்ணன் இருமிக்கிட்டே இருமல் இல்லன்னு சொல்லுதாரே!"

நான் அப்போது தென்காசி ரயில் நிலையத்தில் சரக்குக் குமாஸ்தாவாக இருந்தேன். குற்றாலத்தில் பங்களா கட்டிய மிராசுதார் ஒருவர், சாரலுக்கு வரும் விருந்தினர் வியக்கும்பொருட்டு, கடல் கடந்த மலைநாட்டு விலங்குகள் இரண்டைத் தருவித்தார். லாமா என்று பெயராம். ஒட்டகத்தின் கழுத்தும் ஆட்டின் மேனியும் மாமியாரின் பார்வையும் கொண்ட அவ்விரண்டும் தூத்துக்குடியில் கப்பலிறங்கி ரயிலில் வந்து சேர்ந்தன.

செய்தி கேட்டு ஓடிவந்த மூணுவாரத்தார், எந்தக் கொட்டிலில் நின்றன, வழியில் எந்த மாட்டோடு தண்ணீர் குடித்தன என்று வினவினார். விடை சொல்வாரில்லை. நிலையத்திற்கு அப்பால் காலியாகக் கிடந்த கொட்டகையில் இரண்டையும் அடைத்தார். தனி வாளி, தனி வைக்கோல், வாயிலில் ஒரு தொட்டி பினாயில். அதில் கால் நனைக்காமல் எவரும் போய்வரலாகாது. என் பாதங்கள் அம்மாதம் முழுவதும் ஆஸ்பத்திரி வாடை வீசின.

"கார் உழவு தொடங்கியாச்சு. இதுகளால கோமாரி நோய் ஒட்டி ஏர்மாடு படுத்துட்டா, சுந்தரபாண்டியபுரத்துல ஒரு வயல் நடவு காணாது" என்றார். அப்போது அவர் குரலில் வேடிக்கை இல்லை.

ஐந்தாம் நாள் மிராசுதாரின் காரியஸ்தர் வந்தார்.

"என்னவே, விருந்தாளியெல்லாம் வந்தாச்சு. அவுத்து விடும். இல்லன்னா மொதலாளி உம்ம வேற சில்லாவுக்குத் தூக்கி அடிச்சிருவாவ!"

"நான் எங்கன போனாலும் சரி. இதுக இங்கனதான் நிக்கும்."

காரியஸ்தர் கயிற்றில் கைவைத்தார். லாமா அவர் முகத்தில் துப்பிற்று. அன்று அவர் பின்வாங்கினாலும், மறுநாள் அடியாட்களோடு வருவார் என்பது திண்ணம். கொட்டகைக் கதவில் ஒட்டிய சர்க்கார் நோட்டீசையோ எவரும் மதிக்கவில்லை. மூணுவாரத்தார் சிந்தித்து, அம்மை கண்ட வீட்டில் செய்வதுபோல், கொட்டகை வாயிலில் வேப்பிலைக் கொத்தைச் செருகினார். மறுநாள் வந்த அடியாட்கள் செருப்பைக் கழற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பி ஓடினர்.

வினை அங்கேதான் முளைத்தது. அம்மன் ஏறிவந்த வாகனம் ரயிலில் இறங்கியிருக்கிறது, அது துப்பிய மாட்டை நோய் அண்டாது என்று ஊர்கள்தோறும் செய்தி பரவிற்று. வெள்ளிக்கிழமை காலையில், சுந்தரபாண்டியபுரத்துச் சம்சாரிகள் ஏர்மாடுகளுக்கு மஞ்சள் பூசிப் பத்திக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"மாட்டு நெத்தியில ஒரு துளி துப்பினாப் போதும் சாமி!" என்றார் முன்னே நின்ற முதியவர்.

மூணுவாரத்தார் வாயிலை மறித்து நின்றார்.

"அண்ணாச்சி, அந்த எச்சில்ல கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கலாம்."

"கண்ணுக்குத் தெரியாததுதானவே தெய்வமும்!"

மாடுகள் நெருங்கின. லாமாக்கள் கழுத்தை நீட்டின. மூணுவாரத்தார் தலைப்பாகையையும் மூக்குக்கண்ணாடியையும் கழற்றி என் கையில் கொடுத்தார். மறுகணம், திருவிழாவில் கொட்டுச் சத்தம் கேட்டாலே வீட்டுக்குப் போய்விடும் அம்மனிதர், வேப்பிலையை உருவிக்கொண்டு ஆடத் தொடங்கினார்!

"ஏலே! யாரக் கேட்டுலே மாட்டக் கொண்டாந்தீய?"

"தாயே! தெரியாமச் செஞ்சுட்டோம்!"

"மூணு வாரத்துக்கு ஒரு மாடும் இங்கன வரப்படாது! பினாயில்ல கால் கழுவிட்டுப் போங்கலே!"

"மஞ்சத் தண்ணி கொண்டாந்திருக்கோமே தாயி?" என்றார் முதியவர்.

"பினாயில்!" என்று அலறினாள் அம்மன்.

கூட்டம் கால் நனைத்துக் கலைந்தது. மூணுவாரத்தார் கொட்டகைக்குப் பின்னால் போய் அமர்ந்தார்.

"ஆத்தா பேரச் சொல்லிப் பொய் சொல்லிட்டேன்வே."

"மாடும் அவ பிள்ளதான அண்ணாச்சி. கோவிச்சுக்கிட மாட்டா" என்றேன்.

மூன்று வாரம் முடிந்தது. லாமாக்களுக்கு ஒரு தும்மல்கூட இல்லை.

"விருந்தாளியெல்லாம் ஊருக்குப் போயாச்சு. நோயும் இல்ல, நொடியும் இல்ல. வீணா அடச்சு வச்சீரே!" என்று காரியஸ்தர் பொரிந்தார்.

"இல்லன்னு இன்னைக்குத்தானவே தெரியும்" என்று கூறி, மூணுவாரத்தார் கயிற்றை அவரிடம் கொடுத்தார்.

மாற்றல் உத்தரவு பத்து நாளில் வந்தது. வழியனுப்ப எவரும் வரவில்லை. வராத நோயைத் தடுத்தவருக்கு யார் மாலை வாங்குவார்கள்? நான் மட்டும் அவருடன் ரயிலேறினேன். வண்டி வயல்களைக் கடக்கையில், இருபுறமும் ஏர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் சன்னலில் முகம் பதித்து, "நல்லா நடக்குதுக, பாத்தீரா?" என்றார். உழுதவர் ஒருவரும் நிமிரவில்லை.

அடுத்த நிலையத்தில் இறங்கிக்கொள்வதாகச் சொல்லித்தான் ஏறியிருந்தேன். திருநெல்வேலி வரும்வரை இறங்கவில்லை.