ஆவரேஜ் சொன்னால் அதுதான் ஸ்கோர்

ரேணிகுண்டாவில் ஆவரேஜுக்குத் தெரியாமல் ஒரு ரன்னும் ஓடியதில்லை, ஒரு வடையும் வெந்ததில்லை. ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கிரிக்கெட் டீமின் ஸ்கோரர். பெற்றோர் வைத்த பெயர் எங்களுக்குத் தெரியாது. எதையும் கூட்டி வகுத்துச் சராசரி சொல்வதால் ஆவரேஜ்.

மெஸ்ஸில் சாம்பாரைக் கிளறிவிட்டு, "தலைக்கு அரை முருங்கைக்காதான் வருது" என்று அறிவிப்பார். பெண் பார்க்கப் போன வீட்டில், "இதுவரிக்கும் பாத்த எடத்துல உங்க பஜ்ஜிதான் பஸ்ட்டு" என்று பாராட்டி, அந்தச் சம்பந்தத்தைக் கெடுத்துக்கொண்டார். நான் பேட் பிடிக்கக் கிளம்பும்போது தண்ணீர் கேட்டால் தரமாட்டார்.

"உன் ஆவரேஜ் நாலு, நைனா. போய்ட்டு வந்து குடி. அதுக்குள்ள தண்ணி ஒண்ணும் சூடாயிடாது."

திருத்தணி ஆந்திராவிலேயே இருக்குமா, மெட்ராஸுக்குப் போகுமா என்று தீராமல் கிடந்த காலம் அது. அந்த நேரம் பார்த்துத் திருத்தணி டீம் எங்களோடு ஆட வந்தது. ஜெயிக்கிறவனுக்கே ஊர் என்பதுபோல இரண்டு பக்கமும் கூட்டம். அவர்களுடைய ஸ்கோரர் போண்டா தின்னப் போனவர் திரும்பவே இல்லை. கணக்கு முழுக்க ஆவரேஜ் கையில்.

கடைசிப் பந்தில் நாங்கள் ஜெயிக்க இரண்டு ரன் வேண்டும் என்றது கரும்பலகை. எங்கள் கேப்டன் ரெட்டி அடித்தார். எதிர்முனையில் நின்ற நானும் அவரும் விழுந்தடித்து இரண்டு ரன் ஓடினோம். மேளம் முழங்கியது. ரெட்டியைத் தோளில் தூக்கிவிட்டார்கள். வெள்ளிக் கோப்பை பாதி தூரம் வந்துவிட்டது.

"நிறுத்துங்க!" என்று ஆவரேஜ் குடையோடு ஓடி வந்தார். "ஜெயிக்கல. சமம். பலகைல எழுதினவரு குஷில ஒரு ரன்ன ரெண்டு தபா எழுதிட்டாரு."

ரெட்டி தோளிலிருந்தபடியே கத்தினார். "ஏமய்யா! எந்த ஊரு சோறு துன்ற நீ?"

"ரேணிகுண்டா சோறுதான் சார். அதுக்காக ஓடாத ரன்ன எங்கேருந்து கொண்டாறது?"

"திருடப் பாத்தானுங்கடா!" என்று திருத்தணி பக்கம் ஒருவர் ஸ்டம்பைப் பிடுங்கினார். எங்கள் பக்கமும் ஸ்டம்பு இருந்தது. ஆவரேஜ் பெஞ்சின்மேல் ஏறினார். கையில் குடை மட்டும்தான்.

"மொதல் ஓவர், மொதல் பந்து..." என்று தொடங்கினார்.

ஆட்டம் முழுவதையும் மனப்பாடமாகச் சொன்னார். "ரெட்டிகாரு பேட்ட சுத்தினாரு. காத்து வந்துச்சு, ரன்னு வரல." திருத்தணிக்காரர்கள் சிரித்தார்கள். "அவுங்க பௌலரு ஓடியாந்தாரு. வேட்டி அவுந்துச்சு. பந்து வரல." நாங்கள் சிரித்தோம். ஸ்டம்பு வைத்திருந்தவர்கள் அதன்மேலேயே கையூன்றி உட்கார்ந்தார்கள். யாரோ வேர்க்கடலை வாங்கி இரண்டு பக்கமும் நீட்டினார். நடுவில் ஒருவர் எழுந்தபோது, "உக்காருயா, நம்ம விக்கெட்டு வரப்போவுது" என்று அதட்டல் வந்தது. ஆவரேஜ் சொல்லி முடித்தபோது சமம்தான் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. அடுத்த ஆட்டம் திருத்தணியில் என்று முடிவாயிற்று.

ரெட்டி மட்டும் அவரோடு பேசவில்லை. "வேற ஸ்கோரர் பாத்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

திருத்தணிக்குப் போன அன்று ஆவரேஜுக்குக் காய்ச்சல். வருவாரோ மாட்டாரோ தெரியவில்லை. டாஸ் போட அழைத்தார்கள். ரெட்டி காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எங்க ஆளு வரட்டும்" என்றார். "அவன் இல்லாம நான் நூறு அடிச்சாலும் எவன் நம்புவான்?"

திருத்தணி கேப்டனும் அதையே சொன்னார். இரண்டு டீமும் வெயிலில் காத்திருந்தோம். ஸ்டேஷன் ரோட்டில் அந்தக் கறுப்புக் குடை தெரிந்ததும் முதலில் எழுந்து ஓடியது ரெட்டிதான். அவரை முந்திக்கொண்டு குடையை வாங்கிப் பிடிக்க நானும் ஓடினேன்.