பாசிர் பெனம்பாங்கில் ஒரு சூரிய வம்சம்

வம்சக்காரர் என்றொரு மனித வகை உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். கொள்ளுத் தாத்தாவின் பெயரைக் கேட்டால் தலையைச் சொறிவார். ஆயிரம் வருஷத்துக்கு முன் கோட்டை கட்டிய ராஜபுத்திர ராஜாவைப் பற்றிக் கேளுங்கள், அவர் ஏறிய குதிரையின் நிறம்வரை சொல்லுவார்.

எங்கள் மலேசியக் கடலோரப் பாசிர் பெனம்பாங்கில் மீன் லோரி ஓட்டி ஓய்ந்த சிவானந்தம் அப்படிப்பட்டவர். அவருக்குக் கோபம் வந்தால் அது சூரிய வம்சத்துச் சூடு, மகள் பிரேமலா வேலை செய்யும் செரண்டா ஊரில் மோட்டார் சைக்கிள் ஓட்டினால் அது குதிரையேறிய ரத்தம், தாத்தா ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டியதுகூட வாள் பிடித்த கைப்பழக்கம். அரண்மனையை விட்டுவிட்டு எதற்குக் கப்பல் ஏறினார்களாம்? கேட்டுவிடாதீர்கள். சோறு ஆறிவிடும்.

பிரேமலா தன்னோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் லிங்கேஸ்வரனை விரும்பினாள். பையனின் அப்பா சுகுமாறன் மகனையும் கூட்டிக்கொண்டு ராவாங்கிலிருந்து தட்டோடு பெண் கேட்டு வந்தார். உறவுமுறை தெரிந்த கிழம் என்று என்னையும் நடுவில் உட்காரவைத்தார்கள்.

சிவானந்தம் மீசையைத் தடவினார். "சம்பந்தி, நாங்க ராஜபுத்திரங்க. சூரிய வம்சம்."

சுகுமாறன் மட்டும் இளைத்தவரா? "அட, நாங்களும் அதேதாங்க! எங்க பாட்டனே சொல்லிருக்காரு."

இருவரும் கட்டிக்கொண்டார்கள். தேநீரோடு வந்த சிவானந்தத்தின் மனைவி இராஜம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

"ஒரே வம்சம்னா பங்காளி லா! மாப்பிள்ளை பொண்ணுக்கு அண்ணன் முறையாச்சே!"

கட்டிய கைகள் நழுவின. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டு தாத்தாக்களும் எந்தெந்த ஊர், எந்தெந்த எஸ்டேட் லயத்து வீடு என்று எனக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை. ராஜாக்கள் விவகாரம், ராஜாக்களே தீர்க்கட்டும்.

"யாராச்சும் ஒருத்தர் வம்சத்த விடுங்க," என்றாள் இராஜம்மா.

யார் விடுவது? பிரேமலாவின் கண் நிறைந்தது. "ப்பா, அந்தக் கோட்டையில நானா போயி குடியிருக்கப் போறேன்? எனக்கு இவருதான் வேணும்."

சிவானந்தம் மகளைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

"உண்மையச் சொன்னா சம்பந்தி... நாங்க அந்த அரண்மனைக் குதிரைக்குப் புல்லு அறுத்தவங்க."

தட்டு மாறியது. அடுத்த மாதம் கல்யாணக் கார்டு வந்தது. பெண்ணின் தகப்பனார்: 'சந்திர வம்சத்துச் சிவானந்தம்'.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் போன வாரம் யாரோ, "உங்க முன்னோருங்க லேசுப்பட்டவங்க இல்ல" என்றதும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தீர்களே, அது எந்த ராஜா கற்றுக்கொடுத்தது?