பெண் பார்க்க வந்த புலி

சொன்ன பேச்சைப் பிள்ளைகள் கேட்பதே இல்லை என்று குறைப்பட்டுக்கொள்ளும் தாய்மார்களைக் கண்டால் எனக்குப் பொறாமையாக இருக்கும். நான் சொன்னதைப் பிள்ளைகள் கேட்டார்கள். ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்கள். அதில் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. கருமத்தம்பட்டியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் விசைத்தறிக் கூடங்கள். விடிந்ததிலிருந்து தறி ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் நிற்பவரிடம் உப்புக் கேட்பதென்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். (எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் ரகசியம் பேச வராததற்கு இதுதான் காரணம்.) நான் பி.ஏ. முடித்துவிட்டு ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். கதை சொல்வதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று எனக்கு நானே பட்டம் கட்டிக்கொண்டிருந்தேன். நூலகத்தில் கிடைத்த வெளிநாட்டு நாடோடிக் கதைகளையெல்லாம் படித்துவிட்டு வந்து, அண்ணன் பிள்ளைகள் இருவருக்கும் சாயங்காலம் சொல்வேன். மூத்தவள் பூங்கொடி இரண்டாம் வகுப்பு. சின்னவன் கதிர் யு.கே.ஜி.

அந்தக் கோடை லீவில் எனக்கொரு மேதாவித்தனம் தோன்றியது. அம்மா இல்லாத நேரம் பார்த்து ஒரு பொல்லாதது வந்து, குரலை மாற்றிப் பேசிக் கதவைத் திறக்கச் சொல்லும் கதை பல நாடுகளில் இருக்கிறது. ஜெர்மனியில் ஓநாய் வருகிறது. ஆப்பிரிக்காவில் ஆளைத் தின்னும் அரக்கன். சீனாவில் சொந்தக்கார அம்மாள் வேஷத்தில் புலி; வந்திருப்பது யாரென்று பார்க்கப் பிள்ளைகள் அதன் கையை நீட்டச் சொல்வார்கள். மூன்றையும் வரிசையாகச் சொன்னேன். எந்த ஊரில் பிறந்தாலும் மனிதர்கள் ஒன்றுதான் என்று பிள்ளைகளுக்குப் புரிய வைப்பது என் உயர்ந்த நோக்கம். அவர்களுக்குப் புரிந்ததோ, உலகத்தில் எந்த நாட்டிலும் கதவைத் திறந்தவன் உருப்பட்டதில்லை என்பது.

சீனக் கதையில் புலியின் மேல் கொதிக்கிற எண்ணெயை ஊற்றுவார்கள். பிள்ளைகளிடம் போய் எண்ணெயைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்து, அதை மட்டும் மிளகாய்ப் பொடியாக மாற்றிச் சொன்னேன். (என்ன ஒரு பொறுப்பு பாருங்கள்!)

அந்த வாரமே ஒரு வெள்ளிக்கிழமை, ஈரோட்டிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. மஞ்சள் மண்டிக்காரர்கள். இதற்கு முன் வந்த இடமெல்லாம் 'பொண்ணு வேலைக்குப் போகப்படாது' என்பதிலேயே தட்டிப்போயிருந்தது. இந்த மாப்பிள்ளை மட்டும், டீச்சர் வேலையை விட வேண்டியதில்லை என்று தானாகவே சொல்லி அனுப்பியிருந்தார். போட்டோவில் காது கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் காதுகூட எனக்குப் பிடித்திருந்தது. இதுவும் கைநழுவினால் அப்பா அடுத்து யார் வந்தாலும் தலையாட்டிவிடுவார்.

அப்பாவும் அண்ணனும் அவர்களை எதிர்கொள்ள மெயின் ரோட்டுக்குப் போய்விட்டார்கள். அம்மாவும் அண்ணியும் பின்வாசலில் அடுப்பு மூட்டி பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். முன்கூடத்தை ஒட்டிய அறையில் நான் பாதிச் சேலையோடு மடிப்பைப் பிடித்துக்கொண்டு போராடிக்கொண்டிருந்தேன். முன்கதவுக்குப் பிள்ளைகள் காவல். மாப்பிள்ளை வீட்டுக் கார் மெயின் ரோட்டுப் பக்கமே வராமல் குறுக்கு வழியில் வந்து வாசலில் நின்றது.

"ஏனுங்க! ஊட்ல ஆருமில்லீங்களா?" என்று ஒரு பெண் குரல், தறிச் சத்தத்துக்கு மேலே கத்தியது. மாப்பிள்ளையின் அம்மா.

பூங்கொடி ஜன்னலைத் திறந்தாள். "யாருங்க?"

"ஈரோட்டுல இருந்து வாரோம் கண்ணு. உங்க அத்தையப் பாக்கத்தான் வந்தோம். கதவத் தெறங்க சாமி."

"புலியும் அப்படித்தானுங்க சொல்லுச்சு."

என் கையிலிருந்த ஊக்கு கீழே விழுந்தது.

"கைய நீட்டுங்க, பாக்கலாம்" என்றாள் பூங்கொடி. அப்படியே என் குரல். நான் கதை சொல்லும் அதே இழுப்பு!

போய்க் கதவைத் திறந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கூப்பிடுவதற்கு முன்னால் பெண்ணே ஓடிப்போய்க் கதவைத் திறந்தால், 'இவளுக்கு என்ன இத்தனை அவசரம்' என்று ஈரோடு வரைக்கும் பேச்சாகிவிடாதா? "ஏய் பூங்கொடி, தெற புள்ள!" என்று அறைக்குள்ளிருந்தே அடிக்குரலில் கெஞ்சினேன். தறிச் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை.

அந்த அம்மா நல்ல மனுஷி. ஏதோ பிள்ளை விளையாட்டு என்று சிரித்துக்கொண்டே ஜன்னல் கம்பிக்குள் கையை நீட்டினார். மண்டிக்காரர் வீட்டம்மா, நல்ல காரியத்துக்குப் புறப்பட்டவர், மஞ்சளுக்கா பஞ்சம்? முழங்கை வரை பூசிக் குளித்துவிட்டு வந்திருந்தார். அதன்மேல் வரிசையாகக் கரும்பச்சை வளையல்கள்.

"டேய் கதிரு! மஞ்சக் கை! வரி வரியா இருக்குது! புலிதான்டா! மொளகாப் பொடிய எடுத்துட்டு ஓடியா!"

கதிர் சமையலறைக்குள் பாய்ந்து, டப்பாவோடு என் அறையைத் தாண்டி ஓடினான். அதற்கு மேல் வெட்கமாவது ஒன்றாவது. சேலை மடிப்பை ஒரு கையில் சுருட்டிக்கொண்டு பாய்ந்து அவனை ஜன்னலருகே பிடித்துவிட்டேன். டப்பாவின் மூடி கழன்றது. அம்மா புதிதாக அரைத்து வைத்திருந்த பொடி. பாதி என் முகத்தில்.

கண்ணைத் திறக்க முடியாமல் தடவித் தடவித் தாழ்ப்பாளை நீக்கினேன். மாப்பிள்ளை வீட்டார் என்னை முதன்முதலில் பார்த்த கோலம் இது: மூக்கு சிவந்து, கண் வீங்கி, தாரை தாரையாகக் கண்ணீர், சேலை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

அந்த அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார், பூங்கொடியைப் பார்த்தார். "ஏங் கண்ணு, எங்களுக்குக் கதவத் தெறக்க வேண்டாம்னு ஆரு சொன்னது?"

"எங்க அத்தைதானுங்க!" என்றாள் மகராசி.

அந்த நேரம் பார்த்து அப்பாவும் அண்ணனும் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். அந்த அம்மா அப்பாவிடம் கை கூப்பினார். "ஏனுங்க, புள்ள இப்படி அழுவுது. இஷ்டமில்லாத புள்ளையக் கட்டாயப்படுத்தி அனுப்பறது பாவமுங்க. உங்க மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க. நாங்க வாரோம்."

நான், "அழுவலீங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன். தும்மல்தான் வந்தது. மறுபடி திறந்தேன். மறுபடியும் தும்மல். கலங்கிய கண்ணில் ஒரு பெரிய காது காரை நோக்கித் திரும்புவது தெரிந்தது. போயிற்று, எல்லாம் போயிற்று என்று உள்ளே பதறியது. இருக்கிற மூச்சையெல்லாம் இழுத்து, இரண்டு பக்கத் தறிக்கும் மேலே கேட்கும்படி கத்தினேன்:

"எனக்கு ரொம்ப இஷ்டமுங்க! இவரையே கட்டிக்கறேனுங்க!"

'ரொம்ப' வரைக்கும் தறி ஓடியது. அதோடு கரண்ட் போய்விட்டது. மீதி முழுக்க நிசப்தத்தில் கணீரென்று விழுந்தது. தறி ஓட்டுபவர்கள் என்ன விஷயமென்று வெளியே வந்து நின்றார்கள். எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் கையில் துணியோடு நின்றார்கள். அப்பா தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"அப்பறம் என்னத்துக்கு அம்மணி அழுவறே?" என்றார் அந்த அம்மா மெதுவாக.

கதிர் காலி டப்பாவைத் தூக்கிக் காட்டினான். "புலிக்கு வெச்சதுங்க. அத்தை மேல கொட்டிப் போச்சுங்க."

அந்த அம்மா டப்பாவைப் பார்த்தார், தன் மஞ்சள் கையைப் பார்த்தார், வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்து அவருக்கும் கண்ணில் தண்ணீர். ஆவணியில் கல்யாணம்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நான் எதற்காகவும் கோபித்துக்கொள்ள முடிவதில்லை. "உங்களைக் கட்டிக்கிட்டு நான் என்ன சுகத்தைக் கண்டேன்" என்று ஆரம்பித்தால் போதும், என் கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, வந்திருக்கும் விருந்தாளியிடம் பணிவாகச் சொல்வார்: "எங்க ரெண்டு பேர்ல சம்மதஞ் சொன்னது அவ மட்டுந்தானுங்க. என்னைய இன்னைக்கு வரைக்கும் ஆருமே கேக்கலீங்க."